பத்துக்குப் பத்து

எங்கள் ஊரில் ஒரு பெண் குண்டாக இருந்தால் அதைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் பேசலாம். இளைத்தாலும் அப்படித்தான். இரண்டையும் அனுபவித்தவள் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீல் ஆபீஸில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. வீடு வடக்கனந்தல் பக்கம். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அண்ணன்தான் கரும்பையும் மக்காச்சோளத்தையும் பார்த்துக்கொள்கிறான். சொந்தமாக ஒரு டிராக்டர் ஓட்டுகிறான். தங்கைக்கு முடிக்காமல் தனக்கு முடிக்கக்கூடாது என்று அவனும் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தான். அதை ஒருநாளும் அவன் சொல்லிக்காட்டியதில்லை. அந்த வேலையை அவனுக்காக ஊரே செய்தது. "உன்னாலதான் அவனும் மொட்டையா நிக்கிறான்" என்று தண்ணீர்க் குழாயடியில் வைத்தே சொல்வார்கள். நான் தின்ற சோறெல்லாம் அவன் கழுத்தில் ஏற வேண்டிய மாலையைத் தின்ற மாதிரி ஒரு பேச்சு.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டு, காபியைக் குடித்து, என்னை ஒருமுறை மேலிருந்து கீழும் ஒருமுறை குறுக்காகவும் பார்த்துவிட்டு, "போயி சொல்லி அனுப்பறோம்" என்று போவார்கள். கோர்ட்டில் இதை வாய்தா என்போம். வாய்தா வாங்கினவர்கள் என்றைக்காவது திரும்ப வருவார்கள். இவர்கள் வரவில்லை. ஒரு தரகர் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "பொண்ணு லட்சணம்மா. ஆனா சாமான் கொஞ்சம் ஜாஸ்தி." அம்மா அவருக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் என்னைச் சேலத்துக்கு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். யாரோ சொன்னார்களாம், வாரம் ஒரு ஊசி, தானாக இளைக்குமாம். அவன் கவுண்டரில் பேர் பதிந்துகொண்டிருந்தபோது என்னை உள்ளே எடை மெஷின் மேல் நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் நல்லவர்தான். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, அதனால்தான் எடை போடுகிறது, உன் தப்பு இல்லை என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, என்ன சாப்பிடுவது, குமட்டினால் என்ன செய்வது எல்லாம் சொன்னார். கல்யாணம் முடிவானால் உடனே வந்து சொல்ல வேண்டும், பிள்ளை உண்டாவதற்கு ரொம்ப முன்னாலேயே ஊசியை நிறுத்திவிட வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"சில பேருக்கு மனசு சோர்வா இருக்கும். எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி இருக்கும். அதுக்குன்னே எங்ககிட்ட ஒரு கவுன்சிலர் இருக்காங்க. வாராவாரம் ஃபோன் பண்ணிப் பேசுவாங்க. மனசுவிட்டுச் சொல்லுங்க."

அண்ணன் ஊசிப் பெட்டியைச் சாமி பிரசாதம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். நான் அந்தக் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரம் தவறாமல் ஒருவர் கூப்பிட்டு என் மனசைப் பற்றிக் கேட்பார். நிஜத்தைச் சொன்னால், இளைப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய ஆசையாக இருந்தது.

ஊசி பேனா மாதிரி இருந்தது. அம்மா அதை ஒரு பழைய டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தால் கண்ணில் படக்கூடாதாம். ஊரில் கேட்டால் வாக்கிங் போய் இளைக்கிறாள் என்று சொல்வதாக முடிவானது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். அதில் முதல் பொய்யை நிரூபிக்க நானே தினமும் சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டில் நடக்க வேண்டியிருந்தது. வயிறு காலியாக, தலை கிறுகிறுக்க, எதிரில் வருகிறவர்களெல்லாம் பார்க்கும்படியாக நடப்பேன். பொய்க்குச் சாட்சி ஜோடிக்கிற வேலையை ஆபீஸில் பார்த்திருக்கிறேன். காலால் ஜோடித்தது இங்கேதான்.

பசி போயிற்று. அது சும்மா வயிற்றுச் சமாசாரம், போனால் போகட்டும் என்று நினைத்திருந்தேன். போன பிறகுதான் என் ஒருநாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன டிபன், மதியத்துக்கு எந்தக் குழம்பு, சாயங்காலம் எந்தக் கடை என்று ஒன்று மாற்றி ஒன்று என்னைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கை விட்டுவிட்டது. பக்கத்து ஆபீஸில் டைப் அடிக்கிற ஒரு பெண்ணும் நானும் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஜ்ஜி தின்போம். தின்றுகொண்டே அவள் சீனியர் வக்கீலையும் என் சீனியரையும் துவைத்துக் காயப்போடுவோம். ஊசிக்குப் பிறகு எண்ணெய் வாசம் பட்டாலே எனக்குக் குமட்டியது. நான் சும்மா நிற்பேன். அவளும் கொஞ்ச நாள் எனக்கு எதிரில் கூச்சப்பட்டுக்கொண்டு தின்றாள். அப்புறம் முந்தின பஸ்ஸுக்கே கிளம்ப ஆரம்பித்தாள். பஜ்ஜி போனதில் எனக்கு வருத்தமில்லை. பஜ்ஜிக்காக நின்று சிரித்த அந்தக் கொஞ்ச நேரம் போனதை யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, எனக்கு எதுவுமே புடிக்கல."

"புடிக்காம இருக்கத்தானேடி ஊசி போடறது?" என்றாள்.

"சாப்பாட்டச் சொல்லல. எதுவுமே புடிக்கல. சும்மா சும்மா அழுவ வருது."

"எளச்சிக்கினு வர்ற. ஊரே கண்ணு வெக்கிது. இதுல அழுவ வேறயா? செவ்வாக்கெழம சுத்திப் போடறேன்."

சொன்னபடி சுற்றிப்போட்டாள். மிளகாய் நெடி வரவில்லையாம். அவ்வளவும் கண் திருஷ்டிதான் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

சேலத்து ஃபோன் வரும் என்று காத்திருந்தேன். தெரியாத நம்பர் என்றால், டைப் அடித்துக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து எடுப்பேன். லோன் வேண்டுமா என்பார்கள், காலர் டியூன் வேண்டுமா என்பார்கள். வீட்டு மனை கூட விற்றார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்வதெல்லாம் நடந்துவிடுமா, நம் முறை எப்போது வந்தது என்று விட்டுவிட்டேன். மறுபடி சேலம் போகும்போது கேட்கலாம் என்றால் என்னைக் கூட்டிப்போகவும் இல்லை. அண்ணனுக்கு டிராக்டர் சாமான் வாங்க அங்கே அடிக்கடி வேலை இருந்தது. என் எடையைப் பார்த்துக்கொண்டு போய், டாக்டரிடம் சொல்லி, ஊசியை வாங்கி வந்துவிடுவான். "ஒனக்கு எதுக்கு அலைச்சல்?" என்பான். பாசத்தில்தான் சொன்னான். எங்கள் வீட்டில் எனக்கு நடந்த எல்லாமே பாசத்தில்தான் நடந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் அவன் டிராக்டர் பின்பக்கம் கலப்பையைத் தூக்காமல் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாளே மறுபடியும் நின்றுவிட்டது. ஒரு மதியம் வாசலில் அது செத்த மாடு மாதிரி கிடக்கும்போது கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது, சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று. அண்ணன் வண்டியைப் பார்த்துக்கொண்டே, "பத்துக்குப் பத்துங்க. ரொம்ப திருப்திங்க" என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வண்டியே தூக்கல. இன்னாத்துக்குப் பத்து?" என்றேன்.

"கம்மியா சொன்னா வந்தவனுக்குச் சம்பளம் புடிப்பாங்கடி. ஃபோன் பண்ற பொண்ணுக்கும் திட்டு வுழும். நாமளே அவுங்க வயித்துல அடிக்கலாமா?"

நல்லவன்தான் என்று அன்றைக்கு எனக்கு அவன்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

இளைப்பு வெளியில் தெரிய ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோவில் என்னையும் ஒரே ஆளாகக் கணக்கு வைத்தார்கள். பழைய சுடிதார்களை அம்மா பிடித்துத் தைத்தாள். குழாயடியில் இப்போது வேறு பேச்சு. "இன்னாம்மா இப்படி உருகிட்ட? சக்கரையா? கொழந்த மாதிரி மொகம் இருந்துச்சே, இப்ப கூடா போச்சே?" குண்டாக இருந்தபோது என் முகம் குழந்தை மாதிரி இருந்ததை ஒருத்தியும் சொன்னதில்லை. இழந்த பிறகு ஜப்தி லிஸ்டில் ஏற்றினார்கள்.

ஒருநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பிக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் நான் வந்த வழியே திரும்பிப் போய், எங்கள் பக்கத்தைத் தாண்டி மலை ஏறியது. எங்கள் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். மேலே இறங்கியதும் குளிர்ந்தது. ஒரு டீக்கடையில் டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை. கடைக்கார அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்றாள். சும்மா வந்தேன் என்றேன். சும்மாவா என்று அவள் உள்ளே பார்த்து யாரிடமோ ஏதோ சொன்னாள். அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். செத்துப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று அங்கே போனவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "வாக்கிங் போவல? இருட்டறதுக்குள்ள போயிட்டு வா" என்றாள்.

இதற்கிடையில் திருநாவலூர் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். வாய்தா இல்லாமல் தீர்ப்பு வந்ததில் அம்மா அழுதாள். டாக்டரிடம் சொல்லி ஊசியை நிறுத்த வேண்டும் என்றேன். "தாம்பூலம் மாத்தற வரைக்கும் வாய மூடிக்கினு இரு. நிறுத்தி மறுபடி ஊதிட்டீனா இன்னா பண்றது?" என்றாள். மாப்பிள்ளையை நான் சரியாகப் பார்க்கவில்லை. எதையுமே சரியாகப் பார்க்காத காலம் அது. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.

நிச்சயத்துக்குப் பத்து இருபது பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றுகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். முடிவானால்தான் சாப்பாடு. அதனால் பின்கட்டில் அண்டா அண்டாவாகச் சமைத்து மூடி வைத்திருந்தது. நெய் வாசமும் பிரியாணி வாசமும் வீடு முழுக்க. நான் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள்தான் ஊசி போட்டது, அதுவும் புதிதாகக் கூட்டிய டோஸ்.

மாப்பிள்ளையின் அக்கா, எனக்கு நாத்தனாராக வர வேண்டியவர், எனக்குப் பூ வைத்துவிட்டுக் கேசரியை எடுத்து வாயில் ஊட்டினார். ஊட்டுகிற கையைத் தட்ட முடியாது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் எடுத்தார். எழுந்து ஓடினேன். கொல்லைப்பக்கம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமலும் அது நிற்கவில்லை.

நிமிர்ந்தபோது அந்த அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் வந்துவிட்டாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்படி?"

"ஐயோ, பித்தம்மா. காலைல வெறும் வயித்துல இருந்துட்டா" என்றாள் அம்மா.

"நானும் ரெண்டு பெத்தவதாங்க" என்றார் அவர்.

நான் சொன்னேனே, ஊரில் என்னைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசலாம் என்று. அந்தப் பேச்சுகளில் பெரியது மோட்டார் ரூம் ஓரத்தில் அப்போது பிறந்தது. கல்யாணமாகாத பெண் சாப்பிடவில்லை, முகம் வெளுத்திருக்கிறது, வாந்தி எடுக்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு டாக்டர் வேண்டாம், டெஸ்ட் வேண்டாம்.

நடுக்கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அண்ணன் தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஊசி வெளியில் வரும், மூடியிருந்தால் என் மானம் போகும். இரண்டில் எது பரவாயில்லை என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்த அந்த நேரத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நானே சொன்னேன்.

"ஊசி போட்டுக்கினு இருக்கேங்க. ஒடம்பு எளைக்க. அதுதான் கொமட்டுது."

மாப்பிள்ளையின் அக்கா கேட்டார், "அப்ப ஊசிய நிறுத்தினா பழையபடி ஆயிடுவியா?"

கேள்வி நியாயமானதுதான். தெரியாது என்றேன்.

"ஊசி போட்டுப் பொண்ணு காட்டிக்கினு இருக்கீங்க" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். செருப்பைத் தேடினார்கள். கை நனைக்காமலே போனார்கள். அண்டாக்களைத் திறந்து கரும்பு வெட்ட வந்தவர்களைக் கூப்பிட்டுப் போட்டோம். அவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு நல்லது நடந்தது என்றால் அதுதான்.

அம்மா என்னுடன் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "சும்மா இருந்திருந்தா பித்தம்னு சமாளிச்சிருப்பேன். இவளே வாயத் தொறந்து கெடுத்துக்கினா." போனவர்கள் வழியெல்லாம் இரண்டு கதையையும் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊசிக் கதையை யாரும் நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்த வாரம் நான் யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குத் தனியாகப் போனேன். எனக்குக் கோபம் டாக்டர் மேல். மனசு சோர்வாக இருக்கும், ஃபோன் பண்ணுவார்கள் என்று ஆசை காட்டியது அவர்தானே? அவர் அறையில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"இத்தன மாசத்துல ஒருத்தர் கூட எங்கிட்ட பேசலீங்க. பேசறதா இல்லன்னா எதுக்குச் சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எடையைச் சொல்லச் சொல்லவில்லை. எழுந்து, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்னப் பெண் காதில் ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பேரையும் ஊரையும் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா? வாங்க வாங்க. உங்களுக்கு ஒரு வாரம் கூட விட்டதில்லீங்களே" என்றாள். "எப்பப் பண்ணினாலும் உங்க அண்ணன் எடுப்பாங்க. மனசு எப்படி இருக்குது, பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா பத்துக்குப் பத்துங்கன்னுவாங்க. உங்ககிட்ட குடுங்கன்னா வேலைக்குப் போயிருக்குதுன்னுவாங்க. எங்க பேஷண்டுங்கள்லயே ரொம்ப சந்தோஷமா இருக்கறது நீங்கதான்னு நாங்க பேசிக்குவோம்."

கவுண்டரில் அண்ணன் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். வேறு எதைக் கொடுப்பான்? ரேஷன் கார்டிலும் கேஸ் புக்கிலும் அவன் நம்பர்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணின் நம்பரை வெளியில் கொடுக்க மாட்டார்கள். கண்டவனும் கூப்பிடுவானாம். கண்டவனும் கூப்பிடக்கூடாது என்று வைத்த காவலில் கூப்பிட வேண்டியவளும் மாட்டிக்கொண்டாள். ஒருவர் மனசில் உள்ளதை இன்னொருவர் சொன்னால் கோர்ட்டில் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். சேலத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் எழுந்து கதவைச் சாத்தினாள். டாக்டர் டோஸைக் குறைத்தார். அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொன்னார். என் நம்பரை நானே சொல்லி மாற்றினேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டேன். அவன் டிராக்டருக்குக் கீழே படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"சேலத்துலேர்ந்து வாராவாரம் ஃபோன் வந்துச்சா?"

"ஆமா, அந்தப் பொண்ணு பண்ணும். உன்னப் பத்திதான் கேக்கும்."

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? பத்துக்கு எத்தினின்னு கேக்கும், பத்துன்னுவேன். டிராக்டர் கம்பெனிக்காரன் கேக்கற மாதிரிதானே? கம்மியா சொன்னா பாவம், அந்தப் பொண்ணுக்குத் திட்டு வுழும்."

வண்டிக்குக் கீழே அவன் முகம் தெரியவில்லை. கால்தான் தெரிந்தது. கெட்டவன் என்றால் சண்டை போடலாம். முகம் தெரியாத ஒரு பெண்ணின் சம்பளத்துக்காக இரக்கப்பட்டு, கூடப் பிறந்தவளின் மனசுக்கு வாராவாரம் முழு மார்க் போட்டவனை என்ன சொல்லித் திட்டுவது? "நான் நல்லா இருக்கேனான்னு ஒருதடவையாவது ஏங்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"நல்லாத்தானே இருந்த? எளச்சிக்கினுதானே வந்த?" என்றான், நிஜமாகவே புரியாமல்.

அடுத்த வாரம் ஃபோன் வந்தது. கோர்ட் லீவு, நான் வீட்டில் இருந்தேன். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான், கருவாட்டுக் குழம்பு. அம்மா அடுப்படியில். என் ஃபோன்தான் அடித்தது.

"வணக்கங்க. நான் சேலத்திலேர்ந்து பேசறேன். இந்த வாரம் மனசு எப்படி இருக்குதுங்க? பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

"ரெண்டு" என்றேன்.

அண்ணன் தலையைத் தூக்கினான். "ஏய், கொஞ்சம் பாத்து சொல்லு. அந்தப் பொண்ணுக்குத் திட்டு வுழும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க. ஏன் ரெண்டு?"

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பஜ்ஜிக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். ஏரிக்கரை ரோட்டில் தலை சுற்றியதைச் சொன்னேன். வெள்ளிமலை பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது அம்மா கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் "ம், சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்புறம் கையைக் கழுவப் போய்விட்டான். அந்த வீட்டில் அன்றைக்குச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தது நான் இல்லை.